புதிய நாடாளுமன்றம் அமைக்கும்போது செலவு எங்கே கைமீறுகிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நாட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு தனக்கென ஒரு நாடாளுமன்றம் வேண்டும் என்று ஒரு தேசிய இனம் கேட்டால், முதலில் வரும் எதிர்க்கேள்வி "இதற்கெல்லாம் எவ்வளவு செலவாகும் தெரியுமா?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் இரு தரப்பும் சொல்லும் பதில்கள் பெரும்பாலும் தப்பு. எதிர்ப்பவர்கள் உறுப்பினர்களின் சம்பளத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள். ஆதரிப்பவர்கள் கேட்க இனிமையான ஒரு சின்னத் தொகையைச் சொல்லிவிட்டு, அப்புறம் பல வருஷம் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

இதைப் படிக்க பிரிட்டன் நல்ல இடம். 1997 செப்டம்பர் 11 அன்று ஸ்காட்லாந்தில் நடந்த வாக்கெடுப்பில் 74.3 சதவீதம் பேர் தனி நாடாளுமன்றத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். ஒரு வாரம் கழித்து வேல்ஸ் வெறும் 6,721 வாக்கு வித்தியாசத்தில் சம்மதித்தது. 1999 மே 6 அன்று இரண்டு இடத்திலும் முதல் தேர்தல் நடந்தது. வட அயர்லாந்துக்கு 1998 சமாதான உடன்படிக்கை வழியாகச் சட்டமன்றம் கிடைத்தது. ஏறக்குறைய ஒரே சமயத்தில் தொடங்கிய மூன்று அவைகள், மூன்று விதமான செலவுக் கணக்குகள்.

ஒரு கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தை நடத்த இப்போது ஆண்டுக்கு 10 கோடி பவுண்டுக்கு மேல் ஆகிறது. சம்பளம், ஊழியர், பாதுகாப்பு, பராமரிப்பு எல்லாம் இதில் சேர்த்தி. அந்த அவை மேற்பார்வையிடும் ஸ்காட்லாந்து அரசின் வரவு செலவுத் திட்டம் சுமார் 6,000 கோடி பவுண்ட். அதாவது ஆயிரம் பவுண்டுக்கு இரண்டு பவுண்ட் அளவு. மருத்துவமனை, பள்ளி, காவல்துறை எல்லாவற்றுக்கும் போகும் பணத்தைத் தட்டிக்கேட்க அது அதிகமில்லை என்பது என் கருத்து. பெரிய இழப்புகள் வேறு இடங்களில் நடந்தன: அவசரத்தில் எடுத்த முதல் சில முடிவுகளிலும், நடத்த ஆளில்லாமல் வாங்கிக்கொண்ட அதிகாரங்களிலும்.

மனை முடிவாகும் முன் விலை சொல்வது

எடின்பரோவில் ஹோலிரூட் என்ற இடத்தில் நிற்கும் நாடாளுமன்றக் கட்டடத்தின் கதை இதற்குப் போதும். 1997 ஜூலையில் பிரிட்டன் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, கட்டடத்துக்கு 1 கோடி முதல் 4 கோடி பவுண்ட் வரை ஆகலாம் என்றது. அன்று மனை முடிவாகவில்லை. வரைபடம் இல்லை. கட்டடக் கலைஞர் யாரென்றே தெரியாது. வாக்கெடுப்புக்கு முன்னால் மக்களிடம் ஏதாவது ஒரு தொகையைச் சொல்லியாக வேண்டும் என்பதற்காகச் சொன்ன தொகை அது.

கால்ட்டன் குன்றில் இருக்கும் பழைய ராயல் ஹை ஸ்கூல் கட்டடத்துக்குத்தான் அவை போகும் என்று பலரும் நினைத்திருந்தார்கள். லீத், ஹேமார்க்கெட் என்று வேறு இடங்களும் பேச்சில் இருந்தன. மதுபான ஆலை நின்ற ஹோலிரூட் மனை பட்டியலில் கடைசியாகத்தான் சேர்ந்தது. 1998 ஜனவரியில் அதுவே முடிவானது. அந்த ஆண்டு கோடையில் பார்சிலோனாவைச் சேர்ந்த என்ரிக் மிராயெஸின் வடிவமைப்பு தேர்வானது. இப்படி ஒவ்வொரு முடிவும் மாறும்போதும் பழைய தொகையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அதை யாரும் வெளிப்படையாகச் செய்யவில்லை.

இதில் என்னை மிகவும் உறுத்தும் இடம் 1999 ஜூன். முதலமைச்சர் டொனால்ட் டுவார் அவையில் எழுந்து, மொத்தச் செலவு 10.9 கோடி பவுண்ட் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். செலவுக் கணக்குப் பார்த்த நிபுணர்கள், எதிர்பாராத சிக்கல்களுக்காக இன்னும் 2.7 கோடி பவுண்டைத் தனியே குறித்துக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தொகையை அதிகாரிகள் மதிப்பீட்டில் சேர்க்கவில்லை, அமைச்சரின் காதிலும் போடவில்லை. சிக்கல்களைச் சமாளித்துவிடலாம், அதனால் அதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தார்கள். கட்டடச் செலவை விசாரித்த ஃப்ரேசர் பிரபுவின் அறிக்கை 2004ல் வந்தபோதுதான் ஊருக்கே இது தெரிந்தது.

ஆகவே, மதிப்பீடு என்று ஒன்று வந்தால் கேட்க வேண்டிய கேள்வி: இதில் எதெல்லாம் சேரவில்லை? வரி, கட்டடக் கலைஞரின் கட்டணம், மரச்சாமான், கணினி, பாதுகாப்பு, விலைவாசி உயர்வு, எதிர்பாராச் செலவு. இவற்றைச் சேர்த்தும் சேர்க்காமலும் ஒரே கட்டடத்துக்கு இரண்டு தொகை சொல்ல முடியும். ஹோலிரூட் விஷயத்தில் ஆளுக்கொரு தொகை சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

தேதிக்குப் பயந்து ஒப்பந்த முறையைத் தேர்வது

2001க்குள் கட்டடம் தயாராக வேண்டும் என்று ஒரு தேதி வைத்தார்கள். அந்தத் தேதியைப் பிடிக்க வேண்டுமானால் வரைபடம் முழுதாக முடியும் முன்பே அஸ்திவாரம் தோண்டியாக வேண்டும். அதற்குத் தோதாக ஓர் ஒப்பந்த முறையைப் பிடித்தார்கள். வீடு கட்டும்போது ஒருவரிடமே மொத்த கான்ட்ராக்ட் கொடுக்காமல், கொத்தனார், தச்சர், எலக்ட்ரீஷியன் என்று தனித்தனியாக நாமே பேசி வேலை வாங்கினால் எப்படியோ அப்படி. ஒரு வேலை தாமதமானால் அடுத்த வேலைக்காரர் சும்மா நிற்பார், அவருக்கும் நாம்தான் பணம் கொடுக்க வேண்டும். நஷ்டம் முழுவதும் கட்டுபவர் தலையில். இங்கே கட்டுபவர் என்றால் வரி கட்டும் மக்கள்.

இவ்வளவு பெரிய முடிவை எடுத்தது யார்? அதிகாரிகள். எந்த அமைச்சரிடமும் அனுமதி கேட்டுக் கோப்பு போகவில்லை என்று ஃப்ரேசர் கண்டறிந்தார். இந்தக் கதை முழுவதிலும் மிகப் பெரிய தவறு இதுதான் என்பேன். ஒரு ஜனநாயக அவையைக் கட்டுவதில் இருந்த மிகப் பெரிய பண ஆபத்தை, தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர்கூட எடைபோட்டுப் பார்க்கவில்லை.

அப்புறம் நடந்தது தெரிந்ததே. 2000 ஏப்ரலில் 19.5 கோடி பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அவை வரம்பு போட்டது. அந்த ஜூலையில் மிராயெஸ் 45 வயதில் இறந்தார். அக்டோபரில் டுவாரும் இறந்துவிட்டார். வரைபடம் மாறிக்கொண்டே இருந்தது, ஊழியர் எண்ணிக்கை கூடியது, அறைகள் கூடின. 2001 செப்டம்பர் நியூயார்க் தாக்குதலுக்குப் பிறகு குண்டுவெடிப்பைத் தாங்கும் ஏற்பாடுகளும் கூடுதலாயின. 2004 அக்டோபர் 9 அன்று எலிசபெத் அரசி திறந்துவைத்தார், மூன்று வருஷம் தாமதமாக. இறுதிக் கணக்கு 41.4 கோடி பவுண்ட்.

இத்தனைக்கும் அவசரமே இருக்கவில்லை. அந்த ஐந்து வருஷமும் நாடாளுமன்றம் ஸ்காட்லாந்து திருச்சபையின் பேரவை மண்டபத்தில் வாடகைக்கு உட்கார்ந்து வேலை பார்த்தது. மே மாதம் திருச்சபைக்கு மண்டபம் தேவைப்பட்டபோது 2000ல் கிளாஸ்கோவுக்கும் 2002ல் அபர்டீனுக்கும் போய்க் கூட்டம் நடத்தினார்கள். நிலச் சீர்திருத்தச் சட்டம் போன்ற பெரிய சட்டங்களே அந்தத் தற்காலிக மண்டபக் காலத்தில் வந்தவைதான். தற்காலிக இடத்தில் இருப்பதை அவமானமாக நினைக்காமல், உறுப்பினர்கள் வந்து, குழுக்கள் அமைந்து, எத்தனை அறை வேண்டும் என்று தெரிந்த பிறகு கட்டடத்தைத் தொடங்கலாம். புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த ஒன்றைப் பின்பற்றினாலே பெரும் பணம் மிச்சம்.

வேல்ஸிலும் முதல் மதிப்பீடு கேலிக்கு ஆளானது. கார்டிஃபில் 1.2 கோடி பவுண்டில் முடியும் என்ற கட்டடம் 6.96 கோடியில் முடிந்தது. ஆனால் செலவு எகிறுவது தெரிந்ததும் 2001 ஜூலையில் வேலையை நிறுத்தினார்கள். வரைவதும் கட்டுவதும் ஒரே நிறுவனத்தின் பொறுப்பு, விலை முன்கூட்டியே பேசியது என்ற முறைக்கு மாற்றி மறுபடி டெண்டர் விட்டு, 2003ல் வேலையைத் தொடர்ந்தார்கள். நிறுத்தியதற்காக அன்று வாங்கிய திட்டு கொஞ்சமில்லை. ஆனாலும் அதன்பிறகு கணக்கு எடின்பரோவில் போல ஓடவில்லை. 2006 மார்ச் 1, புனித டேவிட் திருநாளில் கட்டடம் திறந்தது.

எல்லைக்கோட்டை மங்கலாக விடுவது

கட்டடம் கண்ணுக்குத் தெரியும், அதனால் அதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். சட்ட வாசகத்தில் இருக்கும் ஓட்டை தெரியாது. அதன் செலவு வக்கீல் கட்டணமாகவும் அதிகாரிகளின் வேலை நேரமாகவும் வருஷா வருஷம் கரையும்.

ஸ்காட்லாந்துக்கான 1998 சட்டம் தெளிவாக இருந்தது: வெஸ்ட்மின்ஸ்டர் (லண்டனில் உள்ள பிரிட்டன் நாடாளுமன்றம்) தன் கையில் வைத்துக்கொள்ளும் விஷயங்களின் பட்டியல் இது, மற்றதெல்லாம் உங்களுக்கு. வேல்ஸுக்கு நேர்மாறு. எதையெல்லாம் தருகிறோமோ அது மட்டும் உங்களுடையது. அதுவும் ஆரம்பத்தில் துணை விதிகள் இயற்றும் அதிகாரம்தான். போதாக்குறைக்கு அரசும் அவையும் ஒரே சட்ட அமைப்பாக இருந்தன. கேள்வி கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒரே நிறுவனம். 2006ல் இன்னொரு சட்டம் போட்டு அதைப் பிரித்தார்கள்.

அந்த 2006 சட்டம் கொண்டுவந்த ஏற்பாட்டைக் கேட்டால் தலை சுற்றும். வேல்ஸ் அவை ஒரு விஷயத்தில் சட்டம் இயற்ற விரும்பினால், முதலில் அந்த அதிகாரத்தைக் கேட்டு ஓர் ஆணை தயாரிக்க வேண்டும். அதை அவையின் குழு பார்க்கும், லண்டனில் வேல்ஸுக்கான அமைச்சர் பார்ப்பார், வெஸ்ட்மின்ஸ்டரின் இரு அவைகளும் ஒப்புதல் தர வேண்டும், கடைசியில் அரசியின் ஆலோசனை மன்றம். இவ்வளவும் முடிந்தால் அதிகாரம்தான் வந்திருக்கும். சட்டத்தை இனிமேல்தான் எழுத வேண்டும். வெல்ஷ் மொழி பற்றிய அதிகாரத்துக்கான ஆணை 2009 பிப்ரவரியில் தொடங்கியது. சட்டம் அவையில் நிறைவேறியது 2010 டிசம்பரில். தங்கள் மொழியைப் பற்றிச் சட்டம் போட ஒரு மக்கள் இத்தனை கதவைத் தட்ட வேண்டியிருந்தது.

2011 மார்ச் வாக்கெடுப்பில் 63.5 சதவீதம் பேர் இந்த முறைக்கு முடிவுகட்டினார்கள். சரி, இனிமேலாவது நிம்மதியா என்றால், புதிய அதிகாரத்தில் வேல்ஸ் இயற்றிய முதல் சட்ட முன்வரைவே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. உள்ளூராட்சிகள் போடும் சின்னச் சின்ன விதிகளுக்கு இனி அமைச்சரின் ஒப்புதல் தேவையில்லை என்பதுதான் விஷயம். 2012 நவம்பரில் நீதிமன்றம் வேல்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கடைசியில் 2017 சட்டத்தில்தான் வேல்ஸ் ஸ்காட்லாந்தின் முறைக்கு வந்து சேர்ந்தது. முதலிலேயே கொடுத்திருக்கலாம்.

இலங்கையின் மாகாண சபைகளைத் தெரிந்தவர்களுக்கு இது இன்னும் கசப்பாகத் தெரியும். 1987ல் 13ஆவது திருத்தம் கொடுத்ததை, 1992ல் பிரதேச செயலாளர்களைக் கொழும்பின் கீழ் கொண்டுபோன ஒரு சட்டம் அடிமட்டத்தில் வெறுமையாக்கியது. மக்கள் போய் நிற்கும் கவுன்டரில் இருக்கும் அலுவலர் யாருக்குப் பதில் சொல்கிறார் என்பதைப் பார்க்காமல் அதிகாரப் பட்டியலை மட்டும் படித்தால் ஏமாந்துபோவோம்.

நடத்த ஆளில்லாமல் அதிகாரத்தை வாங்குவது

ஸ்காட்லாந்து வாக்கெடுப்பில் இரண்டாவதாக ஒரு கேள்வி இருந்தது. அடிப்படை வருமான வரியை பவுண்டுக்கு 3 பென்ஸ் வரை கூட்டவோ குறைக்கவோ அதிகாரம் வேண்டுமா? 63.5 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். (வேல்ஸின் 2011 வாக்கெடுப்பிலும் இதே சதவீதம் வந்தது தற்செயல்.) அந்த அதிகாரத்தை ஒருநாளும் யாரும் பயன்படுத்தவில்லை. அதைவிட மோசம், யார் ஸ்காட்லாந்து வரிதாரர் என்ற பதிவேட்டைத் தயாராக வைத்திருக்க வரித்துறைக்கு ஆண்டுக்கு 50,000 பவுண்ட் கட்ட வேண்டியிருந்தது. 2007க்குப் பிறகு அது கட்டப்படவில்லை. புதிய கணினி அமைப்பில் இதைச் சேர்க்க 70 லட்சம் பவுண்ட் கேட்டார்கள், அதுவும் தரப்படவில்லை. மக்கள் வாக்களித்து வாங்கிய அதிகாரம் செயலற்றுக் கிடக்கிறது என்பது 2010 நவம்பரில்தான் உறுப்பினர்களுக்கே தெரியவந்தது.

சமூகநலத் தொகைகள் விஷயமும் பாடம்தான். 2016 சட்டப்படி பல உதவித்தொகைகள் ஸ்காட்லாந்துக்கு வந்தன. அதற்கான புதிய துறையையும் கணினி அமைப்புகளையும் உருவாக்க 30.8 கோடி பவுண்ட் என்று 2017ல் கணக்கிட்டது, பின்னாளில் 65.1 கோடியாக உயர்ந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் தொடக்கச் செலவுக்கு ஒரே தடவையாகக் கொடுத்தது 20 கோடி. இதற்காக அந்த அதிகாரத்தையே வேண்டாம் என்றிருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். டண்டீயைத் தலைமையகமாகக் கொண்ட அந்த அமைப்பு ஏழைக் குழந்தைகளுக்கென்று கொண்டுவந்த உதவித்தொகை பெரிய விஷயம். ஆனால் ஓர் அதிகாரத்தை மாற்றும்போது அதோடு வரும் பணம் எவ்வளவு, வராதது எவ்வளவு என்று கையெழுத்துப் போடும் முன்பே பேசியிருக்க வேண்டும்.

மிக மோசமான உதாரணம் வட அயர்லாந்தின் தலைநகர் பெல்ஃபாஸ்டில் நடந்தது. மரச்சிம்பு போன்ற எரிபொருளில் கொதிகலன் ஓட்டும் தொழில்களுக்கு மானியம் தரும் திட்டம் ஒன்று பிரிட்டனின் மற்ற பகுதிகளில் வந்தது. வட அயர்லாந்து 2012ல் அதைப் பார்த்து எழுதிக்கொண்டது. மூலத்தில் ஒரு பாதுகாப்பு இருந்தது: ஆண்டுக்கு முதல் 1,314 மணி நேரத்துக்கு ஒரு விகிதம், அதற்குமேல் ஓட்டினால் மிகக் குறைந்த விகிதம். பெல்ஃபாஸ்டில் எழுதியபோது அந்த அடுக்கை விட்டுவிட்டார்கள். எரிபொருள் விலையைவிட மானியம் அதிகமாக அமைந்தது. எரிக்க எரிக்க லாபம். கோழிப் பண்ணைக்காரர்கள் பெரிய அளவில் சேர்ந்தார்கள்; காலிக் கொட்டகையைச் சூடாக்கிப் பணம் வாங்குகிறார்கள் என்ற புகாரும் வந்தது. 2016 பிப்ரவரியில் திட்டத்தை மூடினார்கள். கட்டுப்பாடு போடாமல் விட்டிருந்தால் 20 ஆண்டுகளில் 49 கோடி பவுண்ட் வரை கூடுதல் சுமை என்று அப்போது கணக்கிட்டார்கள்.

நீதிபதி பாட்ரிக் காக்ளின் விசாரணை 2020 மார்ச்சில் சொன்ன காரணத்தைப் படித்தால் கோபத்தைவிடக் கவலைதான் வருகிறது. ஊழலை விடவும் போதாமையே அதில் பெரிதாகத் தெரிகிறது. கையளவு அலுவலர்கள், அவர்களும் இடம் மாறிக்கொண்டே இருந்தார்கள், மாறும்போது ஒழுங்காகப் பொறுப்பை ஒப்படைக்கவில்லை. அமைச்சர் நுணுக்கமாகப் படிக்கவில்லை. பெரிய அரசின் திட்டத்தைச் சிறிய அரசு அப்படியே எடுக்கும்போது, அங்கே பத்துப் பேர் பார்த்த வேலையை இங்கே இரண்டு பேர் பார்க்க வேண்டியிருக்கும். எல்லாத் துறையிலும் புதுமை செய்ய ஆசைப்படாமல், ஆள்பலம் உள்ள துறைகளில் மட்டும் முதலில் தனிவழி போவதே சிறிய அவைக்கு உகந்தது.

எந்தச் சூத்திரத்தில் பணம் வரும் என்று பார்க்காதது

இந்த அவைகளுக்குப் பெரும்பகுதி பணம் லண்டன் தரும் மொத்த மானியமாக வருகிறது. 1970களின் கடைசியில் வந்த பார்னெட் சூத்திரம்தான் இன்றும் அடிப்படை: இங்கிலாந்தில் ஒரு துறைக்குச் செலவு கூடினால், மக்கள்தொகை விகிதப்படி ஒரு பங்கு மற்றவர்களுக்கு. தேவை எவ்வளவு என்று அது கேட்பதில்லை. வேல்ஸ் தன் ஏழ்மையைக் காட்டிப் பல வருஷம் வாதாடித்தான் 2016 உடன்படிக்கையில் கூடுதல் விகிதம் ஒன்றைப் பெற்றது.

வரி அதிகாரம் வந்தால் இன்னொரு கணக்கும் வரும். ஸ்காட்லாந்தில் வருமான வரி எவ்வளவு வசூலாகும் என்று முன்கணிப்பு வைத்துப் பணம் தருவார்கள். உண்மையான கணக்கு வர இரண்டு மூன்று வருஷம் ஆகும். அப்போது வித்தியாசத்தைக் கழிப்பார்கள். 2017-18க்கான முன்கணிப்பு தப்பிப்போனதால் 2020-21 வரவு செலவில் 20.4 கோடி பவுண்ட் கழிந்தது. இதைத் தாங்கும் அளவு கடன் வாங்கும் உரிமையும் சேமிப்பும் இருக்கின்றனவா என்று முதல் நாளே பார்க்க வேண்டும்.

உறுப்பினர்களைக் குறைத்துச் சிக்கனம் காட்டுவது

வேல்ஸ் 60 உறுப்பினர்களோடு தொடங்கியது. அமைச்சர்களையும் அவைத்தலைவரையும் கழித்தால் மீதிப் பேர்தான் எல்லாக் குழுக்களிலும் உட்கார வேண்டும். ஒரே ஆள் இரண்டு மூன்று குழு. 80 வேண்டும் என்று வேல்ஸ் அவையின் அதிகாரங்களை ஆராய்ந்த ரிச்சர்ட் ஆணையம் 2004லேயே சொன்னது. 2026 தேர்தலில்தான் 96 ஆகிறது. பல லட்சம் பவுண்ட் திட்டத்தை வாசித்துப் பார்க்க நேரமுள்ள உறுப்பினர் ஒருவரின் சம்பளம், பெல்ஃபாஸ்ட் கொதிகலன் திட்டத்தின் பக்கத்தில் வைத்தால் ஒன்றுமே இல்லை.

அரசு இல்லாத நாளுக்கு விதி எழுதாதது

வட அயர்லாந்தில் இரு சமூகங்களின் (பிரிட்டனோடு இருக்க விரும்புவோர், அயர்லாந்தோடு சேர விரும்புவோர்) பெரிய கட்சிகளும் சேர்ந்தால்தான் அரசு. ஒன்று விலகினால் எல்லாம் நிற்கும். கொதிகலன் விவகாரம் வெடித்து 2017 ஜனவரியில் துணை முதலமைச்சர் மார்ட்டின் மெக்கின்னஸ் பதவி விலகினார்; மூன்று வருஷம் அரசு இல்லை. கூடாத அவையின் உறுப்பினர்களுக்குச் சம்பளம் போய்க்கொண்டிருந்தது. 27.5 சதவீதம் குறைக்கவே ஏறக்குறைய இரண்டு வருஷம் பிடித்தது.

சம்பளத்தைவிடப் பெரிய சேதம் மேஜையில் தேங்கிய கோப்புகளில் இருந்தது. ஹைடவுனில் கழிவு எரிப்பு ஆலை ஒன்றுக்குத் திட்ட அனுமதி கேட்டிருந்தார்கள். அமைச்சர் இல்லை என்பதால் 2017ல் துறையின் தலைமை அதிகாரியே கையெழுத்துப் போட்டார். அக்கம்பக்கத்து மக்கள் வழக்குப் போட்டார்கள். அமைச்சர் எடுக்க வேண்டிய முடிவை அதிகாரி எடுக்க முடியாது என்று 2018ல் உயர் நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லிவிட்டன. அதன்பிறகு எந்தத் துறையில் எந்த அதிகாரி எதற்குக் கையெழுத்துப் போடலாம் என்ற பயம் எல்லா அலுவலகத்திலும் பரவியது. அந்த நவம்பரில் வெஸ்ட்மின்ஸ்டர் தனிச் சட்டம் இயற்றி, பொதுநலன் கருதி அதிகாரிகள் சில முடிவுகளை எடுக்கலாம் என்றது.

அமைச்சர் இல்லாத நாளில் யார் கையெழுத்துப் போடலாம், எதுவரை போடலாம், அவை கூடாவிட்டால் எத்தனையாவது வாரத்தில் சம்பளம் குறையும், எத்தனையாவது மாதத்தில் மறுதேர்தல் என்பதெல்லாம் அவையைத் தோற்றுவிக்கும் சட்டத்திலேயே எழுதியிருக்க வேண்டிய சில பத்திகள். கட்சிகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கும் தொடக்க நாட்களில்தான் அவற்றை எழுத முடியும்.